மீட்டர் பூஜ்யம் காட்டியபோது

1. முதல் நாள்

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் செம்பூர் பக்கம் பிரஷர் வெசல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் மாதுங்காவில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மூன்று வருடம் எக்ஸ்-ரே ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கூடு, முழங்கால், முதுகெலும்பு எல்லாம் பார்த்த கண்ணுக்கு இனி இரும்பின் உள்பக்கத்தைப் பார்க்கும் வேலை. வீடு தாராவியில். சயானில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் பிடித்துச் செம்பூர் போவேன். அந்தத் தொழிற்சாலையில் ஷாப் ஃப்ளோரில் கால் வைத்த ஒரே பெண் நான்தான்.

என்னை இன்டர்வியூ செய்தவர் குவாலிட்டி கன்ட்ரோல் பொறுப்பிலிருந்த நாராயணன் சார். மாதுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். பிசிக்ஸ் படித்தவர். மூக்கு நுனியில் கண்ணாடி, மேஜையில் எப்போதும் ஏதாவது ஒரு தடிப் புத்தகம்.

"கிளினிக்ல மூணு வருஷம் இருந்திருக்கே. எக்ஸ்-ரேயைப் பாத்திருக்கியோ?" என்றார்.

"ஃபிலிமைத்தான் பாத்திருக்கேன் சார். கதிரைப் பாக்க முடியாதுல்லா."

"அப்போ அது இருக்குன்னு எப்படிச் சொல்றே?"

"ஃபிலிம் கருக்குதே சார்."

"ஃபிலிம் கருக்கறது. சரி. அதோட நிறுத்திக்கோ. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதே" என்று சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. அவர் ஏன் சிரித்தார் என்பது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

வேலை இதுதான். கனமான ஸ்டீல் தகடுகளை வளைத்து வெல்டிங் செய்து பெரிய உருளையாக்குவார்கள், அதுதான் வெசல். அதற்குள் அழுத்தத்தில் வாயு நிற்கும். வெல்டிங் ஜாயின்ட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையோ பிளவோ இருந்தால் என்றாவது ஒருநாள் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் படம் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி மெஷின் கதிர் அந்த இரும்பைத் துளைக்காது. அதற்கு இரிடியம் என்ற கதிரியக்க உலோகம். சுண்டுவிரல் நுனி அளவு ஒரு கேப்ஸ்யூலில் அடைத்து, ஈயம் சுற்றிய கனத்த பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பெட்டிக்குக் கேமரா என்று பெயர், கேப்ஸ்யூலுக்கு ஸோர்ஸ் என்று பெயர். ஸோர்ஸ் ஒரு ஸ்டீல் கேபிளின் முனையில் மாட்டியிருக்கும். தூரத்தில் நின்று கிராங்க் என்ற கைப்பிடியைச் சுற்றினால் கேபிள் ஸோர்ஸைத் தள்ளிக்கொண்டு கைடு டியூப் என்ற குழாய் வழியாக ஜாயின்ட்வரை போகும். மறுபக்கம் ஃபிலிம் ஒட்டியிருக்கும். சில நிமிடம் கழித்துத் திருப்பிச் சுற்றினால் ஸோர்ஸ் பெட்டிக்குள் வந்துவிடும்.

கிராங்கைச் சுற்றுகிறவர் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிக்குத் தெற்கே ஊர், எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் வீடு. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அந்தக் கேபிள் பெட்டிக்குள் வந்து உட்காரும் சத்தத்தை நூறு சத்தத்துக்கு நடுவில் பிடித்துவிடுவார். அவர் எடுக்கும் ஃபிலிமைக் கழுவி, உலர்த்தி, சாரிடம் கொடுப்பது என் வேலை.

2. சாப்பாட்டு நேரத்துச் சண்டை

மதியம் சாரின் அறை வாசலில் பெஞ்ச் போட்டு மூவரும் சாப்பிடுவோம். அண்ணாச்சி சாப்பிட்டதும் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார். சாரும் நானும் வாதாடிக்கொண்டிருப்போம்.

சாரின் கட்சி இது. கதிர், அணு, எலக்ட்ரான் என்பதெல்லாம் நாம் கணக்குப் போட வசதியாக வைத்துக்கொண்ட பெயர்கள். அடுத்து மீட்டர் என்ன காட்டும், ஃபிலிம் எவ்வளவு கருக்கும் என்று சரியாகச் சொல்ல உதவினால் அந்தப் பெயர் நல்ல பெயர். அதற்கு மேல், அது உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்பது வீண்.

"ஒரு காலத்துல வெப்பம்ங்கறது ஒரு திரவம், சூடான பொருள்லேருந்து குளிர்ந்த பொருளுக்கு ஓடறதுன்னு நம்பினா. அதை வெச்சுண்டு கணக்குப் போட்டா. கணக்கு சரியா வந்தது. அப்புறம் அப்படி ஒரு திரவமே இல்லைன்னுட்டா. அந்தக் கணக்கு வீணாப் போச்சா? இல்லையே! அப்போ எது முக்கியம், திரவமா கணக்கா?"

என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. "அவங்க நெனச்ச மாதிரி இல்லாம இருக்கலாம் சார். ஆனா என்னமோ ஒண்ணு சுட்டுதுல்லா? ஒண்ணுமே இல்லாமலா கணக்கு தற்செயலா சரியா வரும்?"

"நீ சர்ச்சுக்குப் போறவ. காணாததை நம்பிப் பழக்கம்."

"நீங்களுந்தான் மாதுங்கா கோயிலுக்குப் போறீங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சண்டையில் கோபம் இருந்ததில்லை. இதற்குப் புத்தகங்களில் பெயர் உண்டு என்று அவரே பிற்பாடு சொன்னார். அவர் கட்சிக்குக் கருவியவாதம், என் கட்சிக்கு மெய்ம்மைவாதம். கோட்பாடு வெறும் கருவியா, உலகத்தில் உள்ளதைச் சொல்கிறதா என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே அடித்துக்கொண்டார்களாம்.

சாரின் கட்சி அவர் எழுதிய பாதுகாப்பு விதியிலும் இருந்தது. கதிர்வீச்சை அளக்க எங்களிடம் ஒரு சர்வே மீட்டர் உண்டு. கையில் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி, மேலே ஒரு முள். சுவரில் ஒட்டியிருந்த விதி இப்படி இருந்தது: 'டியூபின் அருகில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் தொடலாம். இல்லாவிட்டால் தொடக்கூடாது.' யார் மனத்தில் என்ன நினைத்தாலும் சரி, முள்ளைப் பார், அதன்படி செய். அந்த விதியில் தவறு இருப்பதாக அன்று எனக்கும் தோன்றவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை

ஒரு பெரிய வெசல் திங்களன்று லாரி ஏற வேண்டும். நான்கு ஜாயின்ட்டுக்குப் படம் பாக்கி. மற்ற ஆட்கள் இல்லாத நாளில் எடுப்பது வழக்கம் என்பதால் ஞாயிறு வரச் சொன்னார்கள். நான் ஆராதனைக்குப் போகாமல் வந்தேன். அண்ணாச்சியும் நானும் மட்டும். ஆபீஸ் அறையில் ஒர்க்ஸ் மேனேஜர் இருந்தார். சார் வீட்டில்.

மே மாதம். தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. அண்ணாச்சி சட்டையைக் கழற்றி ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு வேலை செய்தார். மூன்று ஜாயின்ட் நல்லபடியாக முடிந்தது. நான்காவது ஃபிலிமை மதியம் பன்னிரண்டேகால் மணிவாக்கில் கொண்டுவந்து கொடுத்தார். கழுவினேன். வெல்டிங் கோடு தெரியவில்லை. ஓட்டையும் இல்லை, பிளவும் இல்லை. மூலைக்கு மூலை ஒரே கறுப்பு.

கதவைத் திறந்து, "அண்ணாச்சி, எவ்வளவு நேரம் வச்சீங்க?" என்றேன்.

"எப்பவும் போலத்தான். ஏன்?"

"மொத்தமும் கருத்துப் போச்சு."

"ஃபிலிம் டப்பால வெளிச்சம் பட்டிருக்கும். வேற ஒண்ணு எடுத்துருவோம், அஞ்சு நிமிஷச் சோலி" என்று புது ஃபிலிமோடு போய்விட்டார்.

டப்பாவில் வெளிச்சம் பட்டிருந்தால் ஓரம்தான் கருக்கும். மூன்று வருடக் கிளினிக் அனுபவம் அது. இது வேறு. ஏதோ ஒன்று இந்த ஃபிலிமை வெகுநேரம், வெகு அருகில் இருந்து சுட்டிருக்கிறது என்று மனத்துக்குள் தோன்றியது. பெஞ்சில் மீட்டர் இருந்தது. அப்போதெல்லாம் அதற்கான பேட்டரி லேசில் கிடைக்காது. அதனால் அண்ணாச்சி அதை டியூபுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் ஸ்விட்ச் போடுவார், பார்ப்பார், அணைத்துவிடுவார். நான் டார்க் ரூம் வாசலிலேயே ஸ்விட்ச் போட்டுவிட்டேன்.

முள் உடனே எழுந்தது. ஆட்கள் வராமல் தடுக்கக் கயிறு கட்டிய எல்லைக்குப் போவதற்குள் அது கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. ஸோர்ஸ் பெட்டிக்குள் இருந்தால் இப்படி ஆடாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், வெசல் ஓரமாக அண்ணாச்சி குந்தியிருந்தார். கூப்பிட்டேன். காற்றாடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து கயிற்றைத் தாண்டினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். முட்டி நின்ற முள் மெல்ல நடுங்கியது, இறங்கியது, இன்னும் ஒரு எட்டில் பூஜ்யத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

அந்த ஒரு கணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. விதிப்படி நான் போய் டியூபைத் தொடலாம். ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் போகப் போக எப்படிச் சூடு குறையும்? உள்ளே இருப்பது குறையவில்லை, தாங்க முடியாத அளவு கதிரில் மீட்டருக்குத்தான் மூச்சு முட்டுகிறது என்று பட்டது.

"அண்ணாச்சி! வெளிய வாங்க! கையை எடுங்க!"

அவர் கை அப்போது டியூபின் மேல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். "என்ன தாயி, பாம்பா?"

"ஸோர்ஸ் வெளிய கெடக்கு! ஓடியாங்க!"

"கிராங்க் முழுசா வந்துட்டு. மீட்டரும் ஜீரோ காட்டிச்சு. இப்பவும் உன் கையில ஜீரோதான இருக்கு, பாரு!"

நான் மீட்டரைப் பார்க்கவில்லை. அவர் பனியனைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கயிற்றுக்கு வெளியே வந்ததும் மீட்டரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். முள் மறுபடி எழுந்து கடைசிக் கோட்டில் நின்றது. இன்னும் தள்ளிப் போனோம், கொஞ்சம் இறங்கியது. இன்னும் தள்ளி, இன்னும் இறங்கியது.

அண்ணாச்சி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. கயிறு

ஆபீஸிலிருந்து சாருக்கு போன் செய்தேன். பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு ஆட்களுக்கு. அவர்கள் ஜீப்பில் கிளம்புவதாகச் சொன்னார்கள். அதுவரை யாரையும் உள்ளே விடாதீர்கள் என்றார்கள். கயிற்றை இன்னும் தூரமாக, மீட்டர் அடங்குகிற இடத்துக்குத் தள்ளிக் கட்டினோம். நான் அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

ஒர்க்ஸ் மேனேஜர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "வஹாம் மீட்டர் மே ஜீரோ ஹை நா?" என்றார். அங்கே மீட்டரில் பூஜ்யம்தானே என்கிறார்.

"ஜீரோதான் சாப். ஆனால் அது பொய்."

"உங்கள் டிபார்ட்மென்ட் எழுதிய விதிதானே சுவரில் இருக்கிறது? பூஜ்யம் என்றால் போகலாம் என்று? அந்த டியூபைக் கழற்றி ஓரமாக வைத்தால் வேலை முடிந்தது. நாளைக்கு லாரி வருகிறது." இந்தியில் இதைச் சொல்லிவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்.

நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "சாப், இந்தக் கயிற்றைத் தாண்டி ஒருவரையும் விடமாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி. ஜீப் வரும்வரை இங்கேதான் நிற்பேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். வாட்ச்மேன் எங்களைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான், கேட் பக்கம் போய்விட்டான்.

முக்கால் மணி நேரத்தில் சார் டாக்ஸியில் வந்து இறங்கினார். ஸோர்ஸ் எங்கே என்று கேட்கவில்லை. "ரீடிங்கைச் சொல்லு" என்றார். சொன்னேன். மீட்டரை வாங்கிக்கொண்டு தானே நடந்தார். முள் முட்டியது, விழுந்தது. உடனே பின்வாங்கினார். வேறு பக்கத்திலிருந்து ஒருமுறை. அதேதான். பிறகு ஒரு நீண்ட மூங்கில் கழி கொண்டுவரச் சொன்னார். அதன் முனையில் ஃபிலிம் ஒன்றைக் கட்டி, தூரத்திலிருந்து டியூபின் மேல் ஒரு நொடி வைத்து எடுத்தார். நான் ஓடிப்போய்க் கழுவினேன். ஃபிலிமில் ஒரு பக்கமாகக் கரும்பொட்டு. அதைச் சுற்றி வெளியே போகப் போக மங்கல்.

சார் அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "இதுவும் ஒரு கருவிதான் எஸ்தர். ஒரு கருவி போய் இன்னொண்ணு" என்றார், பழக்க தோஷத்தில்.

"மீட்டர் கியாஸ் அடைச்ச குழாய், ஃபிலிம் மருந்து பூசின தாள். ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ரெண்டும் ஒரே எடத்தைக் கைகாட்டுதே, எப்படி சார்?"

அவர் மேனேஜரிடம் போய், ஜீப் வரும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது, இது என் உத்தரவு என்றார்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. நீளக் கிடுக்கியும் ஈயப் பானையும் வைத்திருந்தார்கள். ஆளுக்குச் சில நொடி என்று முறை வைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். கேபிள் முனையில் இருந்த கொக்கி தேய்ந்து கழன்றிருந்தது. கேபிள் மட்டும் பெட்டிக்குத் திரும்பியிருக்கிறது. ஸோர்ஸ் கரும்பொட்டு விழுந்த அதே இடத்தில் டியூபுக்குள் கிடந்தது.

5. அறிக்கை

உண்மையான சண்டை திங்களன்று நடந்தது. அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சார் எழுத வேண்டும், நேரில் பார்த்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஃபிலிம் பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். யார்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது காட்டும். அண்ணாச்சியின் பேட்ஜ் அவர் சட்டையோடு ஷெட் ஆணியில், இரண்டு சுவர் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுமில்லை. மேனேஜர் இதைப் பிடித்துக்கொண்டார். மீட்டர் பூஜ்யம், பேட்ஜிலும் பதிவில்லை. சுடலைமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், போதும் என்றார்.

சார் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். '12.10: டியூபின் அருகில் மீட்டர் ரீடிங் பூஜ்யம். 12.25: எல்லைக் கயிற்றில் மீட்டர் முழு அளவு. ஊழியர் சுடலைமுத்துவின் பேட்ஜில் பதிவு இல்லை.' அழகான, சுத்தமான எழுத்து.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஏன்? ஒரு வரி பொய் இருக்கா?"

"பொய் இல்ல. ஆனா அண்ணாச்சி கை இதுல எங்கயும் இல்ல."

"கைக்கு ரீடிங் இல்லையேம்மா."

"அதைத்தான் சார் சொல்லுதேன். ரீடிங் இல்ல, அதனால ஒண்ணும் நடக்கலன்னு ஆயிருமா? பன்னிரண்டு பத்துக்கு மீட்டருக்குத் தெரியல, பேட்ஜுக்குத் தெரியல, அவருக்கும் தெரியல. ஆனா அது அங்க இருந்துச்சா இல்லையா? இல்லைன்னா நான் எதுக்கு அவரை இழுத்துக்கிட்டு ஓடுனேன்? நம்பருக்குப் பயந்து யாராவது ஓடுவாங்களா சார்? நாளைக்கு அந்தக் கையில என்னமாவது வந்தா, டாக்டர் இந்தப் பேப்பரைத்தானே பாப்பாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்ணாச்சி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பீடிகூடப் பிடிக்கவில்லை.

சார் எழுந்து அவரை உள்ளே கூப்பிட்டார். ஒரு காலி டியூபைத் தரையில் போட்டு, "நேத்து எப்படிப் பிடிச்சேள், அப்படியே பிடிங்கோ. பதறாம, அதே மாதிரி" என்றார். ஸ்டாப் வாட்சைக் கையில் எடுத்தார். அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து டியூபைப் பிடித்தார், ஃபிலிமைக் கழற்றுவதுபோலக் காட்டினார், டியூபை நிமிர்த்தினார். மூன்றுமுறை செய்யச் சொல்லி நேரம் குறித்தார் சார். கரும்பொட்டு இருந்த இடத்துக்கும் விரலுக்கும் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு ஒரு மணி நேரம் கணக்குப் போட்டார்.

முதல் தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் எழுதினார். முதல் வரி: 'மதியம் 12.10-க்கு, மீட்டர் பூஜ்யம் காட்டியபோது, ஸோர்ஸ் டியூபுக்குள் இருந்தது; ஊழியர் சுடலைமுத்துவின் வலது கை அதன்மேல் இருந்தது.' அதற்குக் கீழே, 12.25-க்கு மறுபடி தொட்டதையும் சேர்த்து, கையில் எவ்வளவு பட்டிருக்கும் என்ற கணக்கு. அதற்கும் கீழே, சுவரில் ஒட்டிய விதி தவறு, அதை எழுதியவன் நான் என்று தன் பெயர்.

மேனேஜர் அன்று மாலை சாரின் அறையில் வெகுநேரம் கத்தினார். சார் தாளை மாற்றவில்லை. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

6. பிறகு

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சியின் இரண்டு விரல்கள் சிவந்தன. பிறகு கொப்பளித்துத் தோல் உரிந்தது. வேறு எந்த வெல்டிங் ஷாப்பிலாக இருந்தாலும் சூட்டுக் காயம் என்று களிம்பு தடவி அனுப்பியிருப்பார்கள். அறிக்கை இருந்ததால் ஆஸ்பத்திரியில் என்ன காயம் என்று முதல் நாளே தெரிந்துகொண்டார்கள். மாதாமாதம் ரத்தம் சோதித்தார்கள். புண் ஆற வெகுநாள் ஆனது, ஆனால் விரல் தப்பியது. அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதன்பின் அவர் கிராங்கைத் தொடவில்லை.

ஒருநாள் சாரிடம் கேட்டேன். "இப்பவாவது ஒத்துக்கிடுதீங்களா சார்?"

"அன்னிக்கு அந்த வரி தேவையா இருந்தது. எழுதினேன்."

"தேவையா இருந்துச்சா, உண்மையா இருந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தார். "உண்மையா இல்லாட்டா என் பேரைக் கீழ போட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு உடனே, "ஆனா அந்த வெப்பத் திரவத்துக்கு நீ இன்னும் பதில் சொல்லலை" என்று டிபன் டப்பாவைத் திறந்தார். அதற்கு இன்றுவரை எனக்கு முழுப் பதில் தெரியாது.

அந்தப் பிரிவு சில வருடங்களுக்குப் பின் என் பொறுப்புக்கு வந்தது. இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒன்று, மீட்டரைத் தூரத்திலேயே ஸ்விட்ச் போட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று மனத்தில் ஒரு படம் வைத்துக்கொண்டு நடங்கள். முள்ளும் படமும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடுங்கள், யார் கத்தினாலும் நகராதீர்கள். இரண்டாவது, அறிக்கை எழுதும்போது ரீடிங்குகளை எழுதி முடித்தபின் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைக்காதீர்கள். எந்தக் கருவியும் பார்க்காத நேரத்திலும் ஒரு மனிதருக்கு ஏதோ நடந்திருக்கலாம். அதை எழுத ஒரு வரி வேண்டும்.